ஓராண்டு முடிவு

வருவாய்த் துறை அலுவலகத்தில் ஒரு கோப்பின் மேல் உத்தரவு வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கக் கூடாது. அட்டையில் இன்னும் இரண்டு எழுத்து போட வேண்டும். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு: ஒரு வருஷம் பதிவறையில் இருக்கும், பிறகு அழித்துவிடலாம். மூ.மு. மூன்று வருஷம், ப.மு. பத்து வருஷம். நி.மு. என்று போட்டுவிட்டால் நிரந்தரம். போட்டவன் ஓய்வு பெற்று, பென்ஷன் வாங்கி, போய்ச் சேர்ந்த பிறகும் அது இருக்கும். மதராஸ் மாகாணக் காலத்து ஏற்பாடு. டாட்டன்ஹாம் முறை என்று பழைய ஆட்கள் நாங்கள் சொல்வோம். எல்.டிஸ்., கே.டிஸ்., டி.டிஸ்., ஆர்.டிஸ். என்று இங்கிலீஷில் இருந்ததைப் பிறகு தமிழுக்கு மாற்றினார்கள்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. அந்த எழுத்தை முடிவு செய்கிறவர் பதிவறைக்காரர் இல்லை. கோப்பை ஆரம்பத்திலிருந்து படித்து, குறிப்பு எழுதி, மேலே அனுப்பிய எழுத்தர்தான் முதலில் சொல்வார்; அதிகாரி ஒப்புக்கொள்வார். அதுவும் கோப்பு முடிகிற சமயத்திலேயே. பல வருஷம் கழித்து அறை நிரம்பி வழிகிறபோது யாரோ ஒரு புது ஆள் வந்து, இது வேண்டுமா வேண்டாமா என்று தலையைச் சொறியும் நிலைமை வரக் கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. (நடைமுறையில் வந்தது. அது வேறு கதை.)

வருஷக் கடைசியில் அறையை ஒழிக்க உட்காருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு எழுத்துதான் ஞாபகம் வரும். எல்லாரும் கேட்டுக்கொள்வது ஒரே கேள்வி: எது வேண்டும், எது வேண்டாம். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காது. என்றைக்காவது வேண்டும் என்றால் எல்லாமே வேண்டியதுதான். எத்தனை நாளைக்கு வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள், கை தானாக நகரும்.

என் தம்பி மகளுக்கு மென்பொருள் கம்பெனியில் வேலை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது சென்னையிலிருந்து கும்பகோணத்துக்கு வந்தவள், பிறகு கம்பெனி மாறியும் ஊர் மாறவில்லை. மாடியில் நெல் மூட்டை போட்டு வைத்திருந்த அறைதான் அவள் ஆபீஸ். கிறிஸ்துமஸ் வாரம் அமெரிக்காக்காரர்கள் லீவில் போனதும் இவளுக்கும் மூச்சு விட நேரம் கிடைத்தது. “பெரியப்பா, ரூமை ஒழிச்சுப் போடணும். நீங்க வந்து உட்காருங்க, நான் தூக்கிப் போடறேன்” என்றாள். உட்கார நாற்காலி கிடையாது. அவள் உட்காருகிற ஒன்றைத் தவிர மற்றது எல்லாவற்றிலும் அட்டைப்பெட்டி.

மேஜை மேல் இரண்டு கம்பெனி அடையாள அட்டைக் கயிறுகள், ஒன்று பழையது. எந்த போனுக்கு என்று தெரியாத நாலு சார்ஜர். டிகாஷன் காய்ந்து ஒட்டிய டம்ளர். கதவுக்குப் பின்னால் சுருட்டி நிறுத்திய யோகா விரிப்பு, சுற்றியிருந்த பிளாஸ்டிக் கூடப் பிரிக்காதது. இரண்டு டம்பெல். அதற்கு மட்டும் வேலை இருந்தது: காற்றில் கதவு அடித்துக்கொள்ளாமல் ஒன்று முட்டுக்கொடுத்தது.

காகிதங்களிலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொன்றாக எடுத்து, 'இது எதற்காக வைத்தாய்' என்று நான் கேட்கவில்லை. 'எத்தனை வருஷம்' என்று மட்டும் கேட்டேன். மின் கட்டண ரசீது அடுத்த ரீடிங் வந்து தொகை சரியாக இருக்கிறது என்று தெரியும் வரை. மிக்ஸிக்கும் யூபிஎஸ்சுக்கும் வாரண்டி அட்டை, வாரண்டி முடிகிற தேதி வரை; அந்தத் தேதியை அட்டையின் மேலேயே பெரிதாக எழுதிவிட்டால் அடுத்த டிசம்பரில் யோசிக்கவே வேண்டாம். சம்பளச் சீட்டும் படிவம் 16-ம் ஏழெட்டு வருஷம் இருக்கட்டும் என்பது என் கணக்கு. வருமான வரிக்காரர்கள் பழையதைக் கேட்டால் எடுத்துக் காட்டலாம். பழைய கம்பெனியின் பணிவிடுவிப்புக் கடிதம் நிரந்தரம். வருங்கால வைப்பு நிதிக் காகிதங்கள் பணம் கைக்கு வந்து சேரும் வரை.

பத்திரம் என்றால் சொல்லவே வேண்டாம், நிரந்தரம். ஆனால் பத்திரக் கட்டில் உங்கள் வயதுக்காரர்கள் கோட்டைவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது. வீட்டுக் கடன் அடைந்ததும் வங்கியிலிருந்து மூலப் பத்திரத்தைத் திரும்ப வாங்கி, சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டு, பீரோவில் பூட்டிவிடுகிறார்கள். பத்திரத்தை ஒப்படைத்துக் கடன் வாங்கியதைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தையும் அங்கேயே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வில்லங்கச் சான்று போட்டுப் பார்க்கிறவனுக்கு அந்தக் கடன் இன்னும் நிற்கிறதாகத்தான் தெரியும். இருபது வருஷம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, பெயர் மாறி வேறு வங்கியோடு சேர்ந்துபோன கிளையைத் தேடி அலைந்த ஆட்கள் எத்தனை பேர் என் மேஜைக்கு முன்னால் நின்றிருக்கிறார்கள் தெரியுமா? கடன் முடிந்த மாதமே ஒரு வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிடுங்கள்.

“எல்லாம்தான் டிஜிலாக்கர்ல இருக்கே பெரியப்பா” என்றாள். நல்ல விஷயம்தான். 2015-ல் வந்தது, ஓட்டுநர் உரிமம் முதல் மதிப்பெண் பட்டியல் வரை அதில் காட்டலாம். ஆனால் அலமாரியின் அடியில் கிடந்த நாற்காலி பில்லை எடுத்துக் கொடுத்தேன். நல்ல விலை கொடுத்து வாங்கிய நாற்காலி, மூன்று வருஷ வாரண்டி, பின் சாய்மானம் ஆட ஆரம்பித்திருந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக வைத்த அந்தப் பில் இரண்டு பக்கமும் வெள்ளையாக இருந்தது. ஓர் எழுத்து இல்லை. கடைகளில் கரகரவென்று வருகிற அந்தத் தாளில் மை கிடையாது. சூடு பட்டால் கறுக்கிற பூச்சு மட்டும்தான். வெளிச்சமும் வெப்பமும் பட்டால் வெளுத்துவிடும், பிளாஸ்டிக் உறை இன்னும் சீக்கிரம் அழிக்கும். வாங்கிய அன்றைக்கே ஒரு ஜெராக்ஸோ போனில் ஒரு படமோ எடுத்திருந்தால் போதும்.

தூக்கிப் போடுவதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. வேகம் பிடித்துவிட்டால் படிக்காமல் போட ஆரம்பித்துவிடுவோம். உ.வே.சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர் கோவிலுக்குப் போனபோது, அங்கிருந்த பழைய சுவடிகளை நெய்யில் தோய்த்து ஹோமத்தில் போட்டுவிட்டோம் என்று சொன்னார்களாம். 'என் சரித்திரம்' படித்தவர்களுக்கு அந்த இடம் மறக்காது. போட்டவர்கள் கெட்டவர்கள் இல்லை. சாஸ்திரப்படி மரியாதையாகத்தான் போட்டார்கள். யாரும் பிரித்துப் படிக்கவில்லை, அவ்வளவுதான். அதனால் என் ஏற்பாடு: அலமாரித் தட்டு ஒன்று முழுதாக முடியும் வரை எதுவும் மாடியை விட்டு இறங்கக் கூடாது. போட வேண்டியதைத் தனிப் பெட்டியில் போட்டு, போகி வரை வைத்திருங்கள். இரண்டு வாரத்தில் அந்தப் பெட்டியைத் தேடி ஒரு தடவையாவது ஓடுவீர்கள். தேடாவிட்டால் போகட்டும்.

போகட்டும் என்றால் கொளுத்துவது இல்லை. 2018 போகி அன்று காலை சென்னையில் புகையும் பனியும் சேர்ந்து விமானங்கள் இறங்க முடியாமல் திரும்பிப் போனது ஞாபகம் இருக்கும். காகிதத்தைப் பழைய பேப்பர்க்காரரிடம் கொடுக்கலாம். ஆதார் நகல், வங்கிக் கணக்கு எண் உள்ளதைக் கிழித்துத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டுப் போடுங்கள். சார்ஜர், பழைய போன், பேட்டரி எல்லாம் மின்னணுக் கழிவு. அதை எடுக்கிறவர்களிடம்தான் போக வேண்டும். உப்பிப்போன லித்தியம் பேட்டரி ஒன்று அவள் மேஜை டிராயரிலேயே, காகிதத்துக்கு நடுவில் கிடந்தது. அழுத்தினாலோ குத்தினாலோ தீப்பிடிக்கிற சாமான். அதை மட்டும் அன்றைக்கே வெளியே கொண்டுபோகச் சொன்னேன்.

காகிதக் கட்டின் அடியில்தான் விஷயம் இருந்தது. கம்பெனி வருஷா வருஷம் இலவசமாக எடுத்துக் கொடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கைகள். மூன்று வருஷம், மூன்று வெவ்வேறு பரிசோதனைக்கூடம், மூன்று வெவ்வேறு வடிவம். ஒவ்வொன்றும் வந்த உறையிலேயே இருந்தது. “எல்லாம் நார்மல் பெரியப்பா, போட்டுடலாம்.” மூன்றையும் பிரித்துத் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஹெச்பிஏ1சி என்று ஒரு வரி. மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்வது அது; சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடிருப்பதால் அந்தக் கணக்கு. முதல் வருஷம் 5.3. அடுத்து 5.5. போன செப்டம்பரில் 5.6. சர்க்கரைக்கு முந்திய நிலை 5.7-ல் ஆரம்பிக்கிறது. தனித்தனியாகப் பார்த்தால் மூன்றுமே நார்மல்தான். பரிசோதனைக்கூடம் எங்கேயும் சிவப்பு மை வைக்கவில்லை. ஏறுகிறது என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவன்தான் சொல்ல முடியும். இவ்வளவு சின்ன ஏற்றத்தில் பரிசோதனைக்கூடத்துக்குக் கூடம் வருகிற வித்தியாசமும் கலந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்வார், அதுவும் நியாயம்தான். அதனால் இனிமேல் ஒரே கூடத்தில் எடு என்றேன். அந்த மூன்று தாளுக்கும் நி.மு. போட்டாள்.

நான் பயமுறுத்துகிறேன் என்று என் தம்பி சலித்துக்கொண்டான். சென்னை மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷனைச் சேர்ந்த டாக்டர் அஞ்சனா, டாக்டர் மோகன் குழுவினர் ஐசிஎம்ஆரோடு சேர்ந்து நாடு முழுக்க எடுத்த கணக்கு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி, அதற்கு முந்திய படியில் நிற்பவர்கள் 13.6 கோடி என்று அதில் இருக்கிறது. அந்த 13.6 கோடியில் பெரும்பாலோர் வீட்டிலும் இப்படி உறை பிரிக்காத அறிக்கைகள் இருக்கும் என்பது என் ஊகம்.

“நான் ஒல்லியாத்தானே இருக்கேன்?” என்றாள். அங்கேதான் நம்மவர்கள் ஏமாறுவது. புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-ல் லான்செட் இதழில் தாங்கள் இருவரும் நிற்கிற படத்தைப் போட்டார்கள். இருவருக்கும் உயர எடை விகிதம் ஒன்றேதான், 22.3. உடம்பில் கொழுப்பு எவ்வளவு என்று அளந்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. எடை மெஷின் இதைச் சொல்லாது. இடுப்பு நாடா ஓரளவு சொல்லும். நம் ஊர்க்காரர்களுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80, அதற்கு மேல் போனால் கவனிக்க வேண்டும். அவள் அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து நாடாவை எடுத்து வந்து தானே அளந்துகொண்டாள். எவ்வளவு என்று எழுத மாட்டேன், இந்தப் பத்திரிகை அவள் வீட்டுக்கும் வருகிறது.

இடுப்பளவு என்றதும் எனக்கு ஜெரமி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் ஞாபகம் வருகிறார். லண்டன் மாடி பஸ்களில் டிரைவரையும் கண்டக்டரையும் எடுத்துக்கொண்டார். ஒரே பஸ், ஒரே புகை. டிரைவர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். கண்டக்டர் டிக்கெட் போட மாடிப்படி ஏறி இறங்குகிறார், ஒரு நாளைக்கு 500 முதல் 750 படி. 1953-ல் அவர் லான்செட்டில் எழுதியதில், கண்டக்டர்களுக்கு மாரடைப்பு வருவது டிரைவர்களைவிட மிகக் குறைவாக இருந்தது. வந்தாலும் சாவது குறைவு. ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்க்கிற தபால் துறைக்காரர்களையும் தெருவில் அலைகிற தபால்காரர்களையும் ஒப்பிட்டபோதும் அதே மாதிரி வந்தது. அதோடு விடவில்லை அவர். பஸ் கம்பெனி சீருடைக் கணக்கை வாங்கி, யாருக்கு எந்த இடுப்பளவில் கால்சட்டை தைத்துக் கொடுத்தார்கள் என்று பார்த்தார். டிரைவர்கள் இளம் வயதிலேயே பெரிய அளவுக்காரர்களாக இருந்தார்கள். அப்படியானால் உட்கார்ந்து பருத்தார்களா, பருத்தவர்கள்தான் டிரைவர் வேலைக்கு வந்தார்களா என்ற சந்தேகம் வருகிறது இல்லையா? தன் கண்டுபிடிப்புக்கே இடைஞ்சலான கணக்கைத் தானே தேடி எடுத்து 1956-ல் அச்சிட்டாரே, அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். மனிதர் 99 வயது வரை இருந்தார்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், தையல் கணக்குப் புத்தகம் மாரடைப்புக்காக எழுதியது இல்லை. ஆனால் தேதி, பெயர், அளவு மூன்றும் ஒழுங்காக இருந்ததால் ஒரு கேள்வியோடு வந்தவருக்குப் பதில் சொல்ல முடிந்தது. என் தம்பி மகளின் கைக்கடிகாரத்தில் வருஷம் முழுக்க எண்கள் இருந்தன. கேள்விதான் ஒன்றும் இல்லை.

அந்தக் கடிகாரத்தைப் பற்றி எனக்கு முதலில் நல்ல அபிப்பிராயம் இல்லை என்பதை மறைக்கவில்லை. ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் முன்னால் மாடி வராந்தாவில் தடதடவென்று சத்தம் கேட்டு எழுந்து போனால், இவள் வேகவேகமாக நடந்துகொண்டிருக்கிறாள். பத்தாயிரம் காலடிக்கு நானூறு குறைகிறதாம். கால் வலித்தபோது கட்டிலில் உட்கார்ந்து கையை மட்டும் வீசியதையும் பார்த்தேன். அது அதையும் நடை என்று எழுதிக்கொண்டது. அந்தப் பத்தாயிரம் எந்த டாக்டரும் கண்டுபிடித்தது இல்லை. டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு அடுத்த வருஷம், 1965-ல், யமாசா என்ற ஜப்பான் கடிகாரக் கம்பெனி நடையை எண்ணும் கருவி விற்றது. அதற்கு வைத்த பெயரில் இருந்த எண் அது. சொல்ல எளிது, பிடித்துக்கொண்டது. பிற்பாடுதான் ஆராய்ந்து பார்த்தார்கள். 2019-ல் ஹார்வர்ட் டாக்டர் ஐ-மின் லீ, சராசரி 72 வயதுப் பெண்களைப் பார்த்ததில் நாளைக்கு 2,700 அடி நடப்பவர்களைவிட 4,400 அடி நடப்பவர்களிடம் மரணம் 41 சதவீதம் குறைவாக இருந்தது. 7,500-க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அறுபதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை பலன் ஏறுகிறது என்று 2022-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆக அவள் வயதுக்குப் பத்தாயிரம் தப்பில்லை. நள்ளிரவில் தூக்கத்தை விட்டு அந்த நானூறு அடி நடப்பதுதான் தப்பு.

கலோரிக் கணக்கு இன்னும் மோசம். ஸ்டான்ஃபோர்டில் 2017-ல் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பை ஆறு கருவிகள் 5 சதவீதத்துக்குள் சரியாகச் சொல்லின. எரித்த கலோரியைச் சொல்வதில் இருப்பதிலேயே நல்ல கருவியே 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். அதை நம்பி இன்றைக்கு இவ்வளவு எரித்தேன், ஒரு பாதுஷா சாப்பிடலாம் என்று இவள் கணக்குப் போடுகிறாள்.

ஆகவே எண்களுக்கும் காகிதத்துக்குச் செய்ததையே செய்தோம். இந்த எண் மாறினால் நீ என்ன மாற்றுவாய் என்று கேட்டேன். பதில் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் அதற்கு நோட்டில் இடம் கிடையாது. கலோரி போயிற்று. தூக்க மதிப்பெண்ணுக்காக நிறையச் சண்டை போட்டாள். எத்தனை மணிக்குப் படுத்தாய் என்பதை மட்டும் வைத்துக்கொள் என்று முடிந்தது, ஏனென்றால் அதைத்தான் அவளால் மாற்ற முடியும். மாதம் ஒரு தடவை இடுப்பளவு. வாரத்தில் வேகமாக நடந்த நிமிஷங்கள்: உலக சுகாதார நிறுவனம் 150 முதல் 300 வரை சொல்கிறது. வாரத்தில் இரண்டு நாள் பளு. கதவுக்கு முட்டுக்கொடுத்ததை எடுத்துவிட்டு அங்கே ஒரு செங்கல் வைத்தேன்.

நடுவில் என் தம்பியின் ரத்த அழுத்த நோட்டும் மாட்டியது. தேதி தவறாமல் எழுதியிருக்கிறான், ஆனால் மாடி ஏறி வந்த மூச்சோடு, கையில் காபி டம்ளரோடு பார்த்த அளவெல்லாம் அதில் இருக்கிறது. ஐந்து நிமிஷம் சும்மா சாய்ந்து உட்கார், கால் இரண்டும் தரையில் படட்டும், கை நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும், அரை மணி முன்னால் காபி வேண்டாம், இரண்டு தடவை பார்த்து எழுது. இல்லாவிட்டால் டாக்டருக்கு அந்த நோட்டு குழப்பம்தான் கொடுக்கும்.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று: ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடிகிறதா பாருங்கள், பக்கத்தில் சுவரோ ஆளோ இருக்க வேண்டும். 51 முதல் 75 வயது வரை உள்ளவர்களைப் பிரேசிலில் பார்த்து 2022-ல் எழுதினார்கள். நிற்க முடியாதவர்களிடம் பின்னால் வந்த சாவு அதிகமாக இருந்தது. கல்யாணப் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இலையைத் தாண்டாமல், கையை ஊன்றாமல் எழுந்த காலத்தில் இதெல்லாம் யாரும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கவில்லை. இப்போது மேஜைப் பந்தி. பெரியவர்களுக்குச் சௌகரியம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் முப்பது வயதுக்காரனும் தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க யாரையாவது கூப்பிடுகிறான்.

கடைசியாக, அந்த வருஷ வரைபடம். கடிகாரம் மாதா மாதம் எத்தனை நிமிஷம் நடந்தாள் என்று கம்பம் கம்பமாக நிறுத்திக் காட்டுகிறது. ஏப்ரல் மே கொஞ்சம் குட்டை, வெயில், புரிகிறது. ஜூன் முதல் அக்டோபர் வரை நன்றாக ஏறியிருக்கிறது. நவம்பரில் பாதியாக விழுந்து டிசம்பரிலும் எழுந்திருக்கவில்லை. “மழை பெரியப்பா. நவம்பர்ல டெல்டாவுல மழை பெய்யாம இருக்குமா?” எனக்கு ஒட்டவில்லை. மழை என்றால் ஒரு நாள் நின்று ஒரு நாள் போயிருப்பாள். கம்பம் இப்படி ஒரே அடியாகச் சாயாது. நாள் நாளாகப் பிரிக்கச் சொன்னேன். நவம்பர் முதல் ஞாயிறு வரை சாயங்காலம் ஏழரைக்கு நடை இருக்கிறது. அடுத்த நாள் திங்களிலிருந்து இல்லவே இல்லை, மழை பெய்யாத நாளிலும் இல்லை.

அன்றைக்கு என்ன நடந்தது? அவளுக்கே சட்டென்று பிடிபடவில்லை, மீட்டிங் காலண்டரைத் திறந்த பிறகுதான் தெரிந்தது. நியூயார்க்கில் காலை ஒன்பது மணிக்கு அவர்களுக்கு ஒரு மீட்டிங், தினமும். கோடையில் அது நமக்குச் சாயங்காலம் ஆறரை. நவம்பர் முதல் ஞாயிறு அமெரிக்காக்காரர்கள் கடிகாரத்தை ஒரு மணி பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். நமக்கு அந்த வழக்கம் கிடையாது, அதனால் அதே மீட்டிங் இங்கே ஏழரைக்கு நகர்ந்துவிட்டது. ஏழரைக்குத்தான் இவள் செருப்பைப் போடுவாள். முடிய எட்டரை ஆகிறது, சாப்பாடு, அதற்கு மேல் யார் நடப்பது? உறுதி இல்லை, சோம்பேறி ஆகிவிட்டேன் என்று இரண்டு மாதம் தன்னையே திட்டிக்கொண்டிருக்கிறாள் பெண். யாரோ எங்கோ கடிகாரத்தைத் திருகியதற்கு இவள் என்ன செய்வாள்?

புத்தாண்டுச் சபதம் எதுவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை நடை காலையில். அன்றைக்கு நியூயார்க் கடிகாரம் திரும்பவும் முன்னால் போகும், நடையும் சாயங்காலத்துக்குப் போகலாம். இரண்டு தேதியையும் வருஷா வருஷம் வருகிற மாதிரி காலண்டரில் போட்டாள். மார்கழியில் எப்படியும் அவள் அம்மா விடியற்காலையில் சாரங்கபாணி கோவிலுக்குப் போகிறாள். கூடப் போய், அம்மாவைக் கோவிலில் விட்டுவிட்டு இவள் மகாமகக் குளத்தைச் சுற்றி வந்தால் திரும்பும்போது சேர்ந்தே வரலாம். மூன்று நாளாகப் போகிறார்கள். வருகிற வழியில் டிகிரி காபி குடிக்கிறார்களாம், சர்க்கரை போட்டுத்தான். அது நடைக்கான கூலி, நோட்டில் எழுத வேண்டியதில்லை என்கிறாள் அவள். எழுது என்கிறேன் நான். செப்டம்பரில் அடுத்த ரத்தப் பரிசோதனை, அதுவரை அவள் பேச்சு.